சித்தப்பாவின் கூன் துப்பாக்கி

நான் தேயிலை ருசி பார்த்து விலை சொல்பவன். காலையில் நீளமான மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாகக் காத்திருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, துப்பிவிட்டு, அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். பின்னாலேயே ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வருவார். நான் இரண்டு வார்த்தையும் ஒரு விலையும் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். கொச்சியில் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் துப்பல்தான் என் பிழைப்பு.

அதனால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளுக்கு விலை தெரியாவிட்டாலும் அது என்னிடம் வந்துவிடும். பழைய ஃபிரிட்ஜ், ஓட்டை விழுந்த வெண்கல உருளி, மாமா பெண்ணுக்குப் பார்த்த வரனின் திருப்பூணித்துறை ஃபிளாட். "அவன் விலை போடறவனாக்கும்" என்பார்கள். தேயிலைக்கு மட்டும்தான் போடுவேன் என்று சொன்னால் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

போன வருஷம் மழை விட்டிருந்த ஒரு காலையில், நாற்பதாவது கிண்ணத்தில் இருந்தபோது சித்தப்பா போன் செய்தார்.

"வக்கீல் சொத்து விவரம் கேக்கறார். உயிலுக்கு. வீட்டுச் சாமான் எல்லாம் எழுதியாச்சு. துப்பாக்கி மட்டும் பாக்கி. என்ன ஜாதி, என்ன வெலைன்னு போடணுமாம். நீ ஞாயித்துக்கிழமை வா."

"சித்தப்பா, துப்பாக்கிக்கு நான் எப்படி விலை போடறது?"

"உறிஞ்சிப் பாக்க வேண்டாம். கண்ணால பாத்தாப் போறும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. எண்பத்திரண்டு வயது. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் இல்லை. ஓய்வுக்குப் பிறகு மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே இருக்கும் மாடிக்கு வந்து, சித்தி போன பிறகு அங்கே தனியாக இருக்கிறார். கீழேயிருந்து வரும் சுக்கு நெடியில் அவர் வீட்டில் யாருக்கும் ஜலதோஷம் பிடித்ததில்லை. எங்கள் வீடுகளில் வெங்காயமே கிழமை பார்த்துத்தான் நுழையும். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு துப்பாக்கி இருந்தது என்பது வெளியே சொன்னால் நம்ப முடியாத விஷயம்தான். எஸ்டேட் மானேஜர் வேலையை விட்டுப் போகும்போது, குவார்ட்டர்ஸுக்கு வரும் குரங்குகளை விரட்ட என்று சித்தப்பா பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். சித்தப்பா ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. குரங்குகளிடம் அதை எடுத்துக் காட்டுவார், அவை போய்விடும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவை போவதையும் நிறுத்திவிட்டன. ஆனாலும் லைசன்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார். நான் பள்ளிக்கூடத்து விடுமுறைகளில் எஸ்டேட்டுக்குப் போனபோது பார்த்த துப்பாக்கி என் நினைவில் நேராக, ஒல்லியாக, ஊதுகுழல் மாதிரி இருந்தது. இது கனமாக இருந்தது. குழல் வந்து உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால் சட்டென்று உயர்ந்து, பிறகு செங்குத்தாக இறங்கியது. கூன் விழுந்த முதுகு மாதிரி. பக்கங்களில் பூவேலை செதுக்கியிருந்தது.

"சித்தப்பா, இது நேரா இருந்த மாதிரி ஞாபகம்."

"நானும்தான் அன்னிக்கு நேரா இருந்தேன்" என்றார். "எனக்குக் கூன் விழலாம், அதுக்கு விழக் கூடாதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போது அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, இலையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தேன். முட்டை வடிவக் கோட்டுக்குள் மூன்று எழுத்து, மேலே ஒரு கிரீடம், பக்கத்தில் குட்டியாக ஒரு தூண், ஒரு நீள எண். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழக்கதோஷத்தில் முகர்ந்துகூடப் பார்த்தேன். எண்ணெய், இரும்பு, கொஞ்சம் சுக்கு. வக்கீலுக்கு இதை எழுதி அனுப்ப முடியாது.

முதலில் யூதத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பழம்பொருள் கடைக்காரரிடம் போவது என்று முடிவாயிற்று. லைசன்ஸ்காரர் கூட இல்லாமல் இன்னொருவர் அதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதால் சித்தப்பாவும் வந்தார். அதன் தோல் பெட்டி எப்போதோ கரையான் அரித்துப் போயிருந்தது. சித்தியின் தம்புராவுக்குத் தைத்த பச்சை வெல்வெட் உறைக்குள் துப்பாக்கியை வைத்து நாடாவைக் கட்டியிருந்தார். ஐந்து நிமிஷ நடைக்குள் மூன்று பேர், "இன்னிக்கு எங்கே கச்சேரி?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் சித்தப்பா, "கோவில்ல" என்று பதில் சொன்னார்.

கடைக்காரர் உறையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததும், இதைத் தொடும் லைசன்ஸ் தன்னிடம் இல்லை, தயவுசெய்து மூடுங்கள் என்றார். மூடினோம். பிறகு அவர் வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உறைக்கு எழுநூற்றைம்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். சித்தப்பா அரை மணி நேரம் பேரம் பேசி அதை ஆயிரத்து நூறுக்கு ஏற்றிவிட்டு, விற்பதற்கில்லை என்று சொல்லி எழுந்து வந்தார்.

எர்ணாகுளத்தில் துப்பாக்கி விற்க லைசன்ஸ் உள்ள ஒரு பழைய கடை இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஆட்டோ பிடித்துப் போனோம். உரிமையாளர் பாலக்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். அறுபது வயது இருக்கும். சட்டைப்பையில் நான்கு பேனா மாதிரி நான்கு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் முகம், நல்ல முதல் பறிப்புத் தேநீர் வாயில் பட்டால் என் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று.

"இரிங்க சார், இரிங்க" என்று எங்களை உட்கார வைத்தார். பக்கத்துப் பிடியை இழுத்து, உள்ளே விரலை விட்டுத் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார். முன்னால் இருந்த மூடியைத் திருகினார். குழல் தனியாகக் கழன்று வந்தது. அடியில் ஒரு நீளச் சுருள்வில்லும் ஒரு பித்தளை வளையமும் இருந்தன.

"மத்த துப்பாக்கில குழல் அசையாது சார். இதுல வெடிச்ச ஒடனே குழலே பின்னால ஓடி வரும். வந்து, காலித் தோட்டாவத் துப்பிட்டு, அடுத்தத எடுத்துக்கிட்டு முன்னால போகும். விசைய இழுத்து இழுத்து விட்டாப் போதும். அஞ்சு வெடி. அந்த ஓட்டத்துக்கு எடம் வேணும்ல, அதுக்குத்தான் இந்தக் கூன்."

துப்பிவிட்டு அடுத்ததுக்கு நகரும் தொழில் என்பதால் எனக்கு அதன்மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்துவிட்டது.

"எந்த ஊர்?" என்று கேட்டேன்.

அவர் குட்டித் தூணின்மேல் விரலை வைத்தார். "இந்தத் தூண் இருந்தா பெல்ஜியம். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம். இந்த நம்பரப் பாத்தா உங்க அப்பா காலத்துச் சாமான். குழல்ல ஒரு நம்பர், உடம்புல ஒரு நம்பர். பாருங்க, ரெண்டும் ஒண்ணு. குழல் மாத்தல. அதுக்கே பாதி விலை." அப்புறம் ஸ்க்ரூக்களின் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "விலை போடணும்னா மொதல்ல ஸ்க்ரூ தலையப் பாக்கணும் சார். பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர வெச்சுத் திருகியிருந்தா வெட்டுக்காயம் இருக்கும். இதுல ஒண்ணே ஒண்ணுலதான் காயம். மரக்கட்டைக்கு யாரோ புது வார்னிஷ் அடிச்சிருக்காங்க. அது பாவம். மத்தபடி தங்கம். இந்த வளையத்தத் தலகீழாப் போட்டிருக்காங்க, இப்படிப் போட்டுச் சுட்டா தோள்பட்டை வீங்கும். யார் சுட்டது?"

சித்தப்பா கூரை மின்விசிறியைப் பார்த்தார். "யாரும் சுடல" என்றார்.

"சுட்டிருக்காங்க. உள்ள கரி இருக்கு."

கடைக்காரர் மதிப்புச் சான்று எழுத ஒரு தாளை எடுத்துக்கொண்டு லைசன்ஸ் புத்தகத்தைக் கேட்டார். பிரித்தார். புத்தகத்தைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் துப்பாக்கியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், இதுல ஒத்தக்குழல், ஒரு வெடின்னு போட்டிருக்கு. நம்பரும் வேற. இது உங்க துப்பாக்கி இல்ல."

"இத்தனை வருஷமா எங்க வீட்டிலதானே இருக்கு?" என்றேன் நான்.

"உங்க வீட்ல இருக்கலாம் சார். உங்களோடது இல்ல."

அதன் பிறகு அவர் அதைத் தொடவேயில்லை. பேரையும் சொல்லவில்லை. 'அந்தச் சாதனம்' என்றார். அந்தச் சாதனத்தை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், வழியில் எங்கேயும் சாயா குடிக்க நிற்காதீர்கள் என்றார். குழலைத் திரும்பப் பொருத்துவதற்குக்கூட அவர் உதவவில்லை. தூரத்தில் நின்றபடி, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், என்று வாயால் சொன்னார், நான் பொருத்தினேன்.

ஆட்டோவில் சித்தப்பாவிடம் கேட்டேன். புதுப்பிக்கும்போதெல்லாம் ஆபீஸில் பார்த்திருப்பார்களே என்று. "பாக்காம என்ன, பாப்பா" என்றார். "ஒரு தடவை புஸ்தகத்தப் பாப்பா, ஒரு தடவை துப்பாக்கியப் பாப்பா. ரெண்டையும் சேத்து வெச்சு இதுவரைக்கும் யாரும் பாக்கல."

எங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் பொறுமைசாலி. அடுத்தவர் துப்பாக்கியை வைத்திருப்பதாகச் சொல்லித் தானாக வந்து நிற்கும் முதியவரையும், தம்புரா உறையையும், என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, முதலில் எங்களை உட்காரச் சொன்னார். சித்தப்பாவின் துப்பாக்கி அவர் கையை விட்டு வெளியே போய்த் தங்கியதெல்லாம் தேர்தல்களின்போது மட்டும்தான். தேர்தல் அறிவித்ததும் லைசன்ஸ் உள்ளவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைத்து, எல்லாம் முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். ரைட்டர் பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேர்தல் பக்கத்தில் அவர் விரல் நின்றது. சித்தப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு அட்டை எண் ஆறு. அதே நாளில் வந்த இன்னொரு துப்பாக்கி, தானாகத் தோட்டா மாற்றுவது, பெல்ஜியத்தில் செய்தது, அட்டை எண் ஒன்பது.

ரைட்டர் ஒரு அட்டைத் துண்டை எடுத்து 6 என்று எழுதினார். கீழ் ஓரத்தில் நூலைக் கட்டித் தொங்கவிட்டார். அது மெல்லத் திரும்பித் தலைகீழாக, 9 ஆக நின்றது. மூன்று பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே இன்ஸ்பெக்டர் அறையில் நெடுநேரம் பேச்சு நடந்தது. வழக்குப் போட்டால் முதல் குற்றவாளியாக ஸ்டேஷனையே போட வேண்டிவரும் என்று யாரோ சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. கடைசியில் எழுத்துப் பிழை என்று முடிவாயிற்று. ஒன்பதாம் எண்காரரும் தன்னிடம் இருப்பதைக் கொண்டுவர வேண்டும், இருவருக்கும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடலாம், அதுவரை எங்கள் துப்பாக்கி, அதாவது எங்களுடையது அல்லாத துப்பாக்கி, ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார்கள். ஒன்பதாம் எண்காரர் நாலு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். லைசன்ஸ் இப்போது அவர் மனைவி பேரில் இருந்தது. மட்டாஞ்சேரி வீட்டை விட்டுக் கும்பளங்கியில் மீன்குளம் வைத்திருக்கிறாராம்.

ரைட்டர் எங்கள் எதிரிலேயே அந்த அம்மாவுக்குப் போன் செய்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன், உங்கள் துப்பாக்கி விஷயமாக, என்று ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தார். இந்தத் தடவை அந்த அம்மா பேசியது எங்களுக்கே கேட்டது. போலீஸ் என்று சொல்லிப் பணம் பிடுங்கும் ஆட்களைப் பற்றிப் சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார், இன்னொரு தடவை கூப்பிட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடுவேன் என்றார். மூன்றாவது தடவை எண்ணையே தடுத்துவிட்டார். ரைட்டர் போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிங்கள் ஒண்ணு போய்ப் பறயாமோ சாரே?" என்றார். நீங்களே ஒரு நடை போய்ச் சொல்லிவிட முடியுமா என்று போலீஸ் எங்களைக் கேட்டது.

மறுநாள் கும்பளங்கிக்குப் போனோம். குளத்து வரப்பில் நாற்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்; அந்த ஊர் வழக்கப்படி அக்கா என்ற அர்த்தத்தில் சேச்சி என்று கூப்பிட்டேன். அறுபதைத் தாண்டிய, வாட்டசாட்டமான பெண்மணி. நைட்டியின்மேல் தோளில் ஒரு துண்டு. மடியில் துப்பாக்கி. நேராக, ஒல்லியாக, ஊதுகுழல் மாதிரி. நாற்பது வருஷத்துக்குப் பிறகு பார்த்தும் எனக்கு அடையாளம் தெரிந்தது. குளத்தில் கம்புகளின்மேல் ஏழெட்டு நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு அதைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தன.

நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனில் எடுத்து வைத்திருந்த கூன் துப்பாக்கியின் படத்தைக் காட்டினேன். சேச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தைப் பெரிதாக்கி மரக்கட்டையைப் பார்த்தார்.

"இந்த வார்னிஷ் ஞான் அடிச்சதாணு" என்றார். நான் அடித்தது என்று.

போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அது அவர் புருஷனுக்கு அப்பா வழியில் வந்தது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு ஸ்டேஷனிலிருந்து புருஷன் இந்த ஒற்றைக்குழலோடு வந்து நின்றார். மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னார். சேச்சி நம்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி மாறுமா? ஏதோ சீட்டாட்டக் கடனுக்கு அந்த நல்லதை விற்றுவிட்டு இந்தத் தகரத்தை வாங்கி வந்திருக்கிறார் என்றே நினைத்தார். ஏழு வருஷம், அவர் சாகும்வரை, வீட்டில் எந்தச் சண்டையும் மீன்விலையில் தொடங்கினாலும் துப்பாக்கியில்தான் போய் முடியும். தோக்குக்கள்ளன், துப்பாக்கித் திருடன், என்றே அவரைக் கூப்பிட்டாராம். பிள்ளைகள் எதிரிலும்.

"அப்போ சத்தியம் பறஞ்ஞதாணல்லே" என்றார். அப்படியானால் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இதைத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்டேஷன்காரர்களின் கவனக்குறைவு, யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று ஏதோ ஆரம்பித்தேன். சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

நான் திரும்பினேன்.

"அன்னிக்கு ஆட்டோல ஏறினப்பவே தெரியும். கனம் ஜாஸ்தியா இருந்தது. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தேன். நம்மது இல்லை."

"அப்பவே ஏன் சித்தப்பா திருப்பிக் குடுக்கல?"

"மறுநாள் போகலாம்னு இருந்தேன். மறுநாள் உன் சித்திக்குக் காய்ச்சல். அப்புறம் ஒரு வாரம் ஆச்சு. ஒரு வாரம் கழிச்சுப் போனா, ஒரு வாரம் ஏன் வெச்சிண்டேன்னு கேப்பான். ஒரு மாசம் ஆச்சு, கேள்வி இன்னும் பெரிசாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அதோட, அது பாக்க நன்னா இருந்தது. நம்மது ஒரு வெடி. அது அஞ்சு வெடி."

"நீங்க ஒரு வெடியும் வெடிக்கலையே."

"வெடிக்காத துப்பாக்கிக்கு எதுக்கு ஒண்ணோட நிறுத்தணும்" என்றார். எண்பத்திரண்டு வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். "அம்மா, உங்காத்துல இப்படிச் சண்டை நடக்கறதுன்னு எனக்குத் தெரியாது. யாரோ பணக்காரா, இன்னொண்ணு வாங்கிப்பான்னு நெனச்சுண்டேன்."

சேச்சிக்கு அவருடைய தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. மடியில் இருந்த ஒற்றைக்குழலை எடுத்தார். நான் ஒரு அடி பின்வாங்கினேன். அவர் அதை வானத்தை நோக்கிப் பிடித்துச் சுட்டார். நீர்க்காகங்களில் ஒன்று மட்டும் எழுந்து அடுத்த கம்பில் போய் உட்கார்ந்தது. வெடித்த புகை கலையும்வரை பார்த்துவிட்டு, துப்பாக்கியை நாற்காலியில் சாய்த்து வைத்து, "கப்பை திந்நுமோ?" என்று கேட்டார். மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுவீர்களா என்று. மீன் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, பார்த்தாலே தெரிகிறது என்றார். கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வந்தன. காரத்தில் சித்தப்பாவின் கண்ணில் ஏற்கெனவே இருந்த தண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அடுத்த வாரம் ஸ்டேஷனில் இரண்டு துப்பாக்கிகளும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டன. ஆளுக்கு நாலு கையெழுத்து. துப்பாக்கியையும் புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அப்படிப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். சேச்சி தன்னுடையதை வாங்கி, கூனைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே எங்களோடு எர்ணாகுளம் கடைக்கு வருவதாகச் சொன்னார். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கடைக்காரர் இந்தத் தடவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மறுபடி மூடியைத் திருகி, குழலைக் கழற்றி, வளையத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். புருஷனுக்கு எப்போதும் வலது தோள் வலித்தது என்று சேச்சி சொன்னார். பிறகு கேட்டார், இதை விற்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்?

"வெளிநாட்ல ஆசப்பட்டு வாங்கறவங்க இருக்காங்க. அது நமக்கு ஆகாது" என்றார் கடைக்காரர். "இங்க லைசன்ஸ்ல இந்த ஜாதின்னு எழுதியிருக்கிறவங்கதான் வாங்க முடியும். எனக்குத் தெரிஞ்சு இந்த ஜில்லாவுல ரெண்டு பேர். ஒருத்தர் மௌத்தாயிட்டார். இன்னொருத்தர் தன்னோடத வித்துக் குடுக்கச் சொல்லி மாசா மாசம் வர்றார்."

"எந்நாலும் ஒரு வில பறயூ" என்றார் சேச்சி. இருந்தாலும் ஒரு விலை சொல்லுங்கள் என்று.

அவர் ஸ்க்ரூ தலைகளை மறுபடி பார்த்தார். வார்னிஷைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கடைசியில் சொன்ன தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். அதுவும் ஆள் கிடைத்தால்.

சேச்சி தலையாட்டினார். லட்சக்கணக்கில் விற்றுத் தின்றுவிட்டார் என்று ஏழு வருஷம் நினைத்திருந்தாராம். "ஒரு ஸ்கூட்டரினு வேண்டியா ஞான்", ஒரு ஸ்கூட்டருக்காகவா நான், என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

சித்தப்பாவின் ஒற்றைக்குழலைக் கடைக்காரர் கையில் வாங்காமலே விலை சொன்னார். இரும்பு விலை, மரத்துக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. வக்கீலுக்கு அப்படியே எழுதிக் கொடுத்தோம். உயிலில் அது யாருக்கு என்ற இடத்தில் எங்களில் யாரும் சரியென்று சொல்லாததால், சித்தப்பா அதை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டு லைசன்ஸையும் முடித்துக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்குக் கொடுத்த சீட்டை அவர் இரண்டு தடவை சரிபார்த்தார்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துச் சேச்சி போன் செய்தார். புருஷனுடைய ஆண்டு நினைவுநாள் வருகிறது, அங்கிளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். கல்லறையில் போய்த் தான் சொன்னால் புருஷன் நம்ப மாட்டார், ஏழு வருஷம் திட்டிய வாயால் போய் நீதான் சரி என்று சொன்னால் கேலி செய்கிறாள் என்றுதான் நினைப்பார், எடுத்தவரே வந்து சொல்லட்டும் என்றார்.

சித்தப்பா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேட்டியை இஸ்திரி போடக் கொடுத்தார். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரார்த்தனை முழுவதும் கேட்டார். மற்றவர்கள் எழுந்தபோது எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். சேச்சியின் பிள்ளைகள், மருமகள்கள், பேரக்குழந்தைகள் என்று பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். மெழுகுவத்தி ஏற்றியானதும் சேச்சி சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

சித்தப்பா கல்லுக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். முப்பது வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதியவர். அதே மொழியில்தான் தொடங்கினார். "தங்களுடைய துப்பாக்கி மேற்படித் தேர்தல் முதற்கொண்டு என் வசம் இருந்ததை இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் அதை விற்கவில்லை. தாங்கள் சொன்னது முழுக்கவும்" என்று வந்தவர், அங்கே நின்றுவிட்டார். பேரக்குழந்தைகளில் ஒருத்தி அவர் வேட்டி நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சேச்சி முன்னால் வந்து அவர் தோளைப் பற்றி, கல்லின் மறுபக்கத்துக்கு நகர்த்தி நிறுத்தினார். அந்தப் பக்கம் நின்று சொன்னால் கேட்காது, அந்தத் துப்பாக்கியைச் சுட்டுச் சுட்டு அவருக்கு வலது காது போய்விட்டது என்றார். இந்தப் பக்கம் நின்று, கொஞ்சம் உரக்க.

சித்தப்பா இடது பக்கம் குனிந்து, முதலிலிருந்து சொன்னார்.